பந்தலுக்குள் வளர்ந்த தேயிலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னைக் கும்பிட்டு எழுதுகிறேன். கொழுந்து பறிக்கிற விரல்களில் வெடிப்பு ஆறியதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் கோப்பை கழுவும் தேநீர்க் கடைக்கு நேற்று உயர்ந்த ரக ஜப்பான் பச்சைத் தேயிலை வந்தது. நம் வீட்டுப் பழக்கத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டேன். தேநீர் போடுகிற அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, இதென்ன கீரையா அவிக்கிறதுக்கு? கை பொறுக்கிற சூடு போதும். இந்தா, குடிச்சுப் பாரு."

கட்டைவிரல் உயரக் கோப்பையில் புதிதாகப் போட்டுத் தந்தார். பருப்புத் தண்ணீர் போல ஒரு ருசி, பிறகு இனிப்பு. ஒரு மணி நேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அம்மா நான், தேயிலைக்குள் இப்படியொன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"எப்படிக்கா இது?"

"பறிக்கிறதுக்கு முன்னாடி மூணு வாரம் செடிக்குப் பந்தல் போட்டு வெயில் படாம வச்சிருப்பாங்க."

செடிக்குப் பந்தல் போடுகிறார்கள். நீ மயங்கி விழுந்த அன்றுகூடக் கங்காணி உன்னை நிழலில் உட்காரவிடவில்லை என்று தம்பி எழுதிவிட்டான். நீ ஏன் மறைத்தாய்?

ஒரு சிட்டிகை இலை இதனுடன் வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு ருசி எப்படி என்று எழுது, இங்கே மனம்விட்டுப் பேச ஆளில்லை. தண்ணீரை நன்றாக ஆறவிட்டு ஊற்று. அது ஆறும்வரை நீயும் நிழலில் உட்கார். எவன் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே.

அக்கா அழைக்கிறார்.

உன் மகள்