போல்ஷெவிக் என்றால் என்னப்பா?

என் அன்பு அப்பா,

நீங்கள் இருந்திருந்தால் இதை உங்களிடமே கேட்டிருப்பேன். நீங்களும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் விளக்கம் சொல்லியிருப்பீர்கள். இப்போது கேட்க ஆள் இல்லை. தலை கிறுகிறுக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள். அன்றைக்குச் செய்யவேண்டிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்வதா விடுவதா என்பதுதான் வீட்டில் சண்டை. "நான் ஒரு போல்ஷெவிக். செத்தாப் பிறகு எனக்கு ஐயரும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்" என்று யாழ்ப்பாணத்தில் தொழிற்சங்க வேலை பார்த்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தம்பி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தகனத்தன்று அவன் சொன்னபடி ஒரு கிரியையும் செய்யவில்லை, அம்மாவும் வாய் திறக்கவில்லை. இப்போது, "இதையும் செய்யாட்டி அவரின்ர ஆத்மா எங்க போய் அலையும்?" என்று அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

போன சனிக்கிழமை நார்த்மீட்டில், நம் வீட்டில் எல்லோரும் கூடி இருந்தோம். எதற்கும் கை தூக்கச் சொல்வது நீங்கள் பழக்கிய பழக்கம்தானே! அவுஸ்திரேலியாவுக்கு வருவதையே கை தூக்கித்தான் முடிவெடுத்தோம். பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற தங்கச்சியின் கையையும் எண்ணினீர்கள். இந்த முறையும் "வோட்டுக்கு விடுவம்" என்று தொடங்கியது தம்பிதான். செய்யவேண்டும் என்று அம்மா கை தூக்கினார், மெல்பேர்னிலிருந்து வந்து நிற்கும் தங்கச்சியும் தூக்கினாள். தம்பியும் அவன் மனைவியும் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கை எழும்பவே இல்லை, அப்பா.

அம்மா அழத் தொடங்கினார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அழுது வோட்டு வாங்கிறதெண்டா எனக்கு இஞ்ச என்ன வேலை?" என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டான். கார் போன சத்தம் கேட்டதும் தங்கச்சி, "இப்ப ரெண்டுக்குப் பூச்சியம், நாங்கள்தான் கூட. முடிஞ்சுது" என்று சொல்லி உடனேயே ஐயருக்கு போன் எடுத்தாள்.

திங்கட்கிழமை செவன் ஹில்ஸில் வேலையிடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், என்னோடு வேலை செய்யும் ரஷ்யக்காரி லூட்மிலாவிடம் அப்பா ஒரு போல்ஷெவிக் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சொல்லுக்கு வெறுமனே பெரும்பான்மைக்காரர் என்றுதான் அர்த்தமாம். புரட்சிக்குப் பல வருடங்களுக்கு முன்னர், கட்சி மாநாடு ஒன்றில் சண்டை வந்து, சிலர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்களாம். அதனால் மிச்சம் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வோட்டுக் கூடிவிட்டது. அவர்கள் போல்ஷெவிக், தோற்றவர்கள் மென்ஷெவிக், அதாவது சிறுபான்மைக்காரர். பிறகு பல நேரம் போல்ஷெவிக்குகளின் பக்கத்தில்தான் ஆள் குறைவாக இருந்ததாம். பெயரை மட்டும் விடவில்லை.

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

இது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பெரும்பான்மை கை தூக்கினால் என்னென்ன நடக்கும் என்று நம் நாட்டில் வாழ்நாள் முழுக்கப் பட்டவர் நீங்கள். ஒரு தமிழன் எந்த நெஞ்சோடு அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டான்? சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் சேர்ந்தால் நாங்கள்தான் கூட என்று நினைத்தீர்களா? யுத்தம் முடிந்த அந்த 2009 மே மாதத்துக்குப் பிறகும் அப்படித்தான் நம்பினீர்களா? ஐயோ, இதையெல்லாம் கேட்காமலே விட்டுவிட்டேனே.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தங்கச்சி செய்ததுதான் அச்சொட்டான போல்ஷெவிக் வேலை. அதை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு ஐயர் வருவார். ஏற்காவிட்டால் நீங்கள் என்ன போல்ஷெவிக்? நல்ல பகிடிதான், ஆனால் சிரிப்பு வரவில்லை.

நேற்று ஐயர் போன் எடுத்தார். "கிரியைக்கு இருக்கிறது மகன்தானே பிள்ளை? முழுகிப்போட்டு விரதமா வரச் சொல்லுங்கோ" என்றார். அம்மாவிடமும் தங்கச்சியிடமும் சொன்னேன். வோட்டில் வென்ற பக்கம் முழுக்கப் பெண்கள். தர்ப்பை போடவேண்டிய ஒரே மகன் எழும்பிப் போய்விட்டான்.

அம்மாதான் முதலில் பேசினார். "பிள்ளையைத் துரத்திப்போட்டு என்னத்துக்கடி அந்தியேட்டி? அவன் இல்லாத வீட்டுக்கு உங்கட அப்பா மட்டும் வருவாரோ?"

தம்பிக்குப் போன் எடுத்தேன். ஐயர் சொன்னதையும் அம்மா சொன்னதையும் சொன்னேன். "அக்கா, உனக்கு என்ன விருப்பம்? நீ கை தூக்கவே இல்லையே" என்றான்.

"தெரியேல்லையடா."

"எனக்கும்தான்" என்றான். அவன் அழுவது கேட்டது.

நாளைக்கு வருகிறான். செய்வோமா, விடுவோமா, எது உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஞாயிறு தப்பினால் தப்பட்டும், ஐயர் கோபித்தால் கோபிக்கட்டும். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுகிறேன், அப்பா: எழும்பிப் போனவனைக் கழித்துவிட்டு இந்த வீட்டில் இனி யாரும் கை எண்ணமாட்டார்கள். நான் எண்ண விடமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
அவனுக்கு அக்கா