எடுக்கக் கூடாத அழைப்பு

பிப்ரவரி 10, செவ்வாய் இரவு

காலையில் தம்பி அருள் முகத்துவாரக்குப்பம் மணலிலிருந்து மோட்டார் பாராசூட்டில் கன்னியாகுமரிக்குக் கிளம்பினான். போய்ச் சேரப் பல நாளாகும்.

"தெனம் எறங்கினதும் ஒரு மிஸ்டு கால் குட்க்கிறேன்க்கா. எட்த்துராத, லெக்சர் ஆரம்பிச்சுடுவ. வுடாம அடிச்சா மட்டும் எடு, எதுனா பேஜாருன்னு அர்த்தம்."

மாலையில் போன் அடித்தது. பதற்றத்தில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டு, தொடர்பு அறுந்தது. தரை இறங்கிவிட்டானா, மேலேயிருந்து உதவிக்குக் கூப்பிட்டானா? அது தெரியாமல் போனது என்னால்தான். திருப்பிக் கூப்பிட்டால் எல்லைக்கு வெளியே என்கிறது. இரவுச் சோறு மூடியபடியே இருக்கிறது.

சற்று முன் மறுபடி அடித்தது. இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஒரே மணியோடு நின்றது.

நின்ற பிறகும் வெகுநேரம் கைகளை வெளியே எடுக்கவில்லை.