சமையல்காரர் வரிசையில் என் பெயர்

சென்னை,
12.7.79

அன்புள்ள அய்யாவுக்கு, அன்னக்கொடி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மாவும் உங்களிடம் விட்டுவந்த என் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை, பதற வேண்டாம். கம்பெனி கேன்டீனில் மேற்பார்வை வேலை என்றுதானே சேர்த்தார்கள்? சம்பளத்தன்று பார்த்தால் என் பெயர் சமையல்காரர் வரிசையில் இருக்கிறது. என்னோடு சேர்ந்த பி.காம். பையனுக்கு நானூற்றைம்பது, மனையியல் பட்டம் வாங்கிய எனக்கு இருநூற்றுப் பத்து. மேனேஜர் நம் திருமங்கலத்துக்காரர் என்பதால் நேரே போய்க் கேட்டேன்.

"மனையியல்னா என்ன தாயி, ஆக்கிப் போடுறதுதானே? எங்க வீட்ல படிக்காமலே நல்லாத்தான் ஆக்குறாக" என்றார்.

"அப்ப இம்புட்டுக் காசுல முந்நூறு பேருக்கு எம்புட்டுப் பருப்பு, எம்புட்டுக் கீரைன்னு அவுகளையே வந்து கணக்குப் போடச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடி வயலை அடகு வைத்து நீங்கள் படிக்க வைத்தது இந்தச் சம்பளத்துக்கா? இதில் வட்டிதான் கட்டலாம், வயலை எப்போது மீட்பது? இனி அவர் எனக்கு அண்ணன் இல்லை, சார்தான்.

முதலாளிக்கே மனு எழுதிவிட்டேன். பட்டச் சான்றிதழை அசலாகப் பார்க்க வேண்டுமாம். சுவரில் மாட்டியிருப்பதைக் கண்ணாடி உடையாமல் கழற்றி, சான்றிதழை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொஞ்சம் பருப்புப் பொடியும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். விடுதியில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள், நிறுத்துகிறேன்.

அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் காலியாக விட வேண்டாம். என் போட்டோ ஒன்றை வைத்து, பாப்பா கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டுங்கள்.

உங்கள் மகள்
அன்னக்கொடி