உன் பெயர் போட்ட பெட்டி

மாண்ட்ரியல், கனடா
3 மார்ச் 2003

என் நெரெய்தாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் சாகவில்லை. கடலில் தெப்பம் கவிழ்ந்தபோது என்னோடு கிளம்பிவந்த ஓனெலியோ மூழ்கிவிட்டான். என்னை ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக்கொண்டது. சொல்லாமல் ஓடிவந்தவன் எந்த முகத்தோடு எழுதுவது என்றே ஒன்பது வருடம் போய்விட்டது. கரை ஒதுங்கிய உடலை நான் என்று நினைத்து நீ அடக்கம் செய்ததை ஊர்க்காரன் ஒருவன் போன மாதம்தான் சொன்னான். குளிர் தாங்காமல் ஓனெலியோ என் சட்டையைப் போட்டிருந்தான். அதன் பையில் என் அடையாள அட்டை இருந்தது.

ஜூலையில் சுற்றுலாக் கூட்டத்தோடு வருகிறேன். வழிகாட்டி நீதானாம். நம் வீட்டில் எனக்கு இடம் உண்டா? யாமிலா என்னை அப்பா என்று கூப்பிடுவாளா?

உன் எவெலியோ


சாந்தியாகோ, கியூபா
20 ஏப்ரல் 2003

எவெலியோவுக்கு,

மகள் நலம். பதினோரு வயது. பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

அடக்கம் செய்து இரண்டு வருடம் கழித்து, ஊர் வழக்கப்படி எலும்பை எடுத்துவைக்கக் குழியைத் திறந்தார்கள். எலும்புகளை நான்தான் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். உனக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். அந்த வாயில் எல்லாப் பல்லும் முழுசாக இருந்தது. பார்த்தேன். பேசாமல் துடைத்தேன். ஓடிப்போன புருஷனைவிடச் செத்த புருஷன் தேவலை என்று தோன்றிவிட்டது. திங்கள்தோறும் அந்தப் பெட்டியிடம் போய் வீட்டு விஷயமெல்லாம் பேசுகிறேன். சில நாள் பதில் வருகிறது. உன் குரல் இல்லை அது.

ஓனெலியோவின் அம்மா ஹெனோவேவா இன்னும் படிக்கட்டுத் தெருவில், தன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். "என்னடி, வெளிநாட்டுக்காரங்களோடயே சுத்துறியே, எம்பையனப் பாத்தேன்னு எவனாச்சும் சொன்னானா? உனக்கென்ன, உன் ஆளு எங்க இருக்கான்னாவது தெரியும்" என்பாள். நான் சிரித்துவிட்டுக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போவேன்.

வா. முதலில் அவளிடம் போய் உன் வாயால் சொல். நானும் பக்கத்தில் நிற்கிறேன். அப்புறம் நம் கதவைத் தட்டு, திறக்கிறேன்.

நெரெய்தா


ஹோட்டலிலிருந்து
22 ஜூலை, மதியம்

நெரெய்தா,

காலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உன் கூட்டத்தில்தான் நின்றேன். பழைய படைமுகாம் சுவரில், புரட்சியின்போது குண்டு பாய்ந்த ஓட்டைகளை நீ காட்ட, எல்லாரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை.

பிறகு ஹெனோவேவாவிடம் போனேன். "யாருப்பா, வேர்த்துக் கொட்டுதே, தண்ணி வேணுமா?" என்றாள். என்னை அடையாளம் தெரியவில்லை. திரும்பிவிட்டேன். அந்தக் கிழவி நம்பிக்கையோடாவது இருந்துவிட்டுப் போகட்டுமே. மாலை வீட்டுக்கு வரட்டுமா?

எவெலியோ


22 ஜூலை, மாலை

எவெலியோ,

சுவரருகிலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். படிக்கட்டில் உன் பின்னால்தான் வந்தேன். என்னை இடித்துக்கொண்டுதான் நீ இறங்கி ஓடினாய்.

நானே ஏறிப்போய்ச் சொன்னேன். பல்லைப் பார்த்ததையும் சொன்னேன். ஹெனோவேவா அழவில்லை. "தெரிஞ்சுமா ஏழு வருஷம் என் முன்னாடி சிரிச்சிட்டுப் போன?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குப் பெட்டியில் உன் பெயரை அழித்து அவன் பெயரை எழுதப்போகிறோம். இனி திங்கட்கிழமை அங்கே போக எனக்கு உரிமை இல்லை.

நீ உயிரோடு இருப்பதை யாமிலாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்பா இந்த ஊர்லயா இருக்காரு?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போய்விட்டார் என்றேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. காலை விமானத்தில் போய்விடு.

நெரெய்தா