கம்பளிக்குப் பதில் குடம்

நீ சொன்னதுதான் சரி, எழிலக்கா. கம்பளியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான் படித்த நாவல்களில் காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் நடக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் நடந்தவன் கதையை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதற்காக என்னோடு வரும் டில்லிபாபு எதிரில், "தண்ணிக்கு இன்னாடா பண்ணுவே? பனிய உருக்கிக் குடிப்பியா?" என்று நீ கேட்டிருக்க வேண்டாம். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

நாகலாபுரம் காட்டில் நாங்கள் இருவரும் மூன்று நாள் இருப்போம். ஓடைக் கரையை விட்டு விலக மாட்டோம். ஓடை வற்றியிருந்தால் அன்றே திரும்பிவிடுவோம். உச்சி வெயிலில் நடக்க மாட்டோம். உப்பு, எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கடைசி பஸ்ஸிலும் வராவிட்டால் வடக்குப்பட்டு தசரதன் மாமாவிடம் இந்தச் சீட்டைக் காட்டு. பின்பக்கம் வழி வரைந்திருக்கிறேன்.

உனக்குப் புளிசாதம் மூடி வைத்திருக்கிறேன். கோபம் பாதி போய்விட்டது.

நிலவன்

பி.கு.: தண்ணீருக்காக மண்ணெண்ணெய் கேனைச் சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவினேன். நாற்றம் போகவில்லை. அதிலிருந்த மண்ணெண்ணெய் பச்சை பக்கெட்டில் இருக்கிறது, தண்ணீர் என்று நினைத்து முகம் கழுவிவிடாதே.

இன்னொன்று. கேனுக்குப் பதில் அம்மாவின் பால்குடத்தை எடுத்துப் போகிறேன். செவ்வாய்க்கிழமை கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்கு அது வேண்டும் என்று தெரியும். அதனால் எப்படியும் திங்கட்கிழமை வந்தே தீருவேன். காட்டுக்குப் பயந்தவனில்லை நான். அம்மாவிடம் மட்டும் நீயே சொல்லிவிடுகிறாயா, அக்கா?