நூம்பல் வேலிக் குழி

அக்காவுக்கு,

போன மாசம் பார்த்துட்டு அழுதியே, என் கண்ணு வீக்கம், அது வடிஞ்சிடுச்சு. இனிமே நீ அழவேணாம்.

புதன்கெழமை நூம்பல்ல வேலி வேலை. டிராக்டர் பின்னால மாட்டுன இரும்புத் திருகால ஊட்டுக்காரரு கம்பத்துக்குக் குழி போட்டுகினு இருந்தாரு. அதைச் சுத்த வுடவும் நிறுத்தவும் லீவர் புடிக்க வழக்கம்போல நான்தான் டிராக்டர் மேல. மண்ணு கெட்டின்னு, சுத்துற திருகு மேல காலை வெச்சு அழுத்துனாரு. தோள்ல கெடந்த துண்டு அதுல சுத்திக்கிச்சு. கை, தோள்பட்டைன்னு இழுத்துகினே போச்சு. குழி முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி கரையான்சாவடி தாண்டல, உசிரு போயிடுச்சு.

“இன்னாம்மா, ஒடனே நிறுத்தல?”ன்னாரு போலீஸ்காரரு. இஞ்சின் சத்தத்துல அவரு கத்துனது காதுல விழலன்னேன். யாரு கேட்டாலும் நீயும் அதையே சொல்லு.

கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ‘ஏய் மூதேவி’ன்னுதான் கூப்புடுவாரு. அன்னிக்கு என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்ட்டாருக்கா.

ஒன் கூடப் பொறந்தவ