கொடியில் பச்சைச் சேலை

24.9.2025
புதன்கிழமை

மோகனப்ரியாவுக்கு, ரெங்கராஜ் எழுதுவது.

உன் அம்மா பெயருக்கு நீ போட்ட கடிதம் நேற்று வந்தது. நான்தான் வாங்கினேன், நான்தான் பிரித்தேன். அவளுக்குப் பதிலாக நான் பதில் எழுதும் காரணம் கீழே இருக்கிறது. உட்கார்ந்து படி.

நீ எழுதியிருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கள்தோறும் காலையில் திருச்சியில் பாசஞ்சர் ஏறி, காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறாய். வெள்ளிக்கிழமை வரை அங்கே ஹாஸ்டல். வண்டியில் மற்றவர்கள் மலையையும் கண்மாயையும் பார்க்கிறார்கள், உனக்குப் பிடித்த காட்சி ஒன்றே ஒன்றுதான். கீரனூர் தாண்டி, நம் ஊர் ரயில்வே கேட் கடந்ததும் இடப்பக்க ஜன்னலில் பத்து விநாடி. நம் கிணறு, மேலே ஏதோ வெள்ளைத் துணி போட்ட வைக்கோல் போர், கொடியில் அம்மாவின் பச்சைச் சேலை. சேலை இருந்தால் அம்மா நன்றாக இருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் டிபன் டப்பாவைத் திறப்பாயாம்.

உனக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு போட ஆளில்லை, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர ஆசை. அப்பா, அதாவது நான், சம்மதித்தால், வரும் திங்கட்கிழமை சேலைக்குப் பக்கத்தில் அவர் வேட்டியையும் காயப்போடு, புதுக்கோட்டையில் இறங்கி பஸ் பிடித்து வருகிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

உன் அம்மா அழகம்மாள் ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இறந்துபோனாள். சிறுநீரகம் இரண்டும் பழுது. மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் தகனம் முடிந்தது. என் தம்பி மகன் சேரன் கொள்ளி வைத்தான்.

சேலை விஷயம் அவள் சாவதற்கு முந்தின நாள் வரை எனக்குத் தெரியாது. ஜெபக்குமாரோடு நீ போன மறுவாரமே உன் போன் நம்பரை வீட்டுப் போனிலிருந்து அழித்தேன். அவள் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரியின் போனை வாங்கி உன்னிடம் ஒரே ஒருமுறை பேசி இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறாள். நான் பார்த்துவிடுவேன் என்ற பயத்தில் அவள் வெளியே வந்து நிற்கமாட்டாள். சேலையை மட்டும் காயப்போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். வண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். அதை நான் பார்த்திருக்கிறேன். காது மந்தமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முந்தின நாள்தான் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். "நான் போனன்னைக்கு அந்தப் பச்சைச் சேலைய மட்டும் காயப்போட்டுறாதீங்க. கொடியில காங்கலைன்னா புள்ள எறங்கி வந்துரும். நீங்க ஒண்ணும் சொல்லிவிட வேண்டாம், கூப்பிட வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, அவளை வாசலில் கிடத்தியிருக்கும்போது, நான் கொல்லைப்புறம் போய் அந்தச் சேலையை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டேன். ஏழு நாற்பதுக்கு வண்டி போனது. முன்பக்கம் பறையடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஜன்னல் வரை வந்திருக்காது.

சேரன் வந்து கேட்டான். "பெரியப்பா, அக்காவுக்குச் சொல்லியாச்சா?" சொல்லிவிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள் என்றேன். அவன் அதைப் பந்தலில் சொன்னான். அம்மா சாவுக்கும் வராத மகள் என்று பெண்கள் உன்னைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அதனால்தான் இந்த ஊரிலிருந்து ஒருவரும் உன்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ போன அன்று பஸ் ஸ்டாப்பில் உன் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தேன். பதினாறு நாள் கழித்துக் காரியமும் செய்தேன், ஊரே சாப்பிட்டது. சாப்பிட்டுப் போனவர்கள் எதிரில் நீ வந்து உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தால் நான் எந்த முகத்தோடு நிற்பது? முப்பத்தோரு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். செத்தவர்களை இருக்கிறார்கள் என்று ஒருநாளும் எழுதிக்கொடுத்ததில்லை. இருந்தவளைச் செத்தவள் என்றும், செத்தவளை இருப்பவள் என்றும் என் வீட்டுக்கு மட்டும்தான் செய்திருக்கிறேன்.

அந்த ஃபிளெக்ஸ்தான் இன்றைக்கும் வைக்கோல் போர்மேல் கிடக்கிறது. உன் முகம் தண்டவாளத்தைப் பார்க்கும்படி நான் போட்டேன். உன் அம்மா அதை உட்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். நீ ஜன்னலிலிருந்து பார்த்த வெள்ளைத் துணி அதுதான்.

அதன் பிறகும் சேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீ வந்துவிடுவாய். நேற்று முன்தினத்தோடு ஒன்பது திங்கட்கிழமை ஆகிவிட்டது. கிணற்றுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். நீ இன்ஜினிலிருந்து நான்காவது பெட்டி. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாய். ஆகஸ்ட் 18 அன்று நீ வரவில்லை. அடுத்த வாரம் இருந்தாய். இந்தத் திங்கட்கிழமை சேலையைப் பார்த்ததும் சிரித்தாய். முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறை. உன் அம்மாவுக்கும் முகத்தில்தான் தொடங்கியது.

சேலை நைந்துபோயிற்று. இனி பிழிந்தால் கிழியும். அதை உனக்கு அனுப்பப் போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: வரும் திங்கட்கிழமை கொடியில் வேட்டி இருக்காது. சேலையும் இருக்காது. கயிற்றையே அவிழ்த்துவிட்டேன். புதுக்கோட்டையில் இறங்காதே. இறங்கி வந்தாலும் ஊரில் எவரிடமும், எனக்குச் சொல்லவே இல்லையே என்று சொல்லாதே. அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது. அம்மாவும் ஒன்றுதான் கேட்டாள், நீங்கள் செய்யவில்லையே என்று நீ பதில் எழுதலாம். எழுதாதே.

கடிதம் சனிக்கிழமைக்குள் கிடைக்கட்டும் என்று ஹாஸ்டல் விலாசத்துக்குப் போடாமல் திருச்சி வீட்டுக்கே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை வலப்பக்க ஜன்னலில் உட்கார். அந்தப் பக்கம் பாறை மலைகள் தெரியும். காலை வெயிலும் படாது. வயிற்றுப்பிள்ளைக்காரி இவ்வளவு நாள் வெயிலில் உட்கார்ந்து வந்ததே தப்பு.

சுகப்பிரசவம் ஆகட்டும்.

இப்படிக்கு,
ஆ. ரெங்கராஜ்
கிராம நிர்வாக அலுவலர், ஓய்வு